லிஸ்ட் போட்டவர் யார்?

2017-இல் ஒரு தொலைபேசி ஒலிப்பதிவு நாடு முழுக்கப் பரவியது. பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றின் ஹெச்.ஆர். அதிகாரி, மறுநாள் காலை பத்து மணிக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடும்படி ஓர் ஊழியரிடம் சொல்கிறார். கேட்டவர்கள் கொதித்தார்கள். நிறுவனத் தலைவர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பர்சனல் டிபார்ட்மென்ட்டிலேயே காலம் தள்ளியவன் நான். இந்தப் பக்கம் பேசிய ஹெச்.ஆர். அதிகாரியைப் பற்றியும் யோசித்தேன். யார் யாரை வெளியேற்றுவது என்று லிஸ்ட் போட்டது அவராக இருக்காது. அது செலவுக் கணக்குப் பார்க்கும் இடத்தில் முடிவாகியிருக்கும். ஊர் வாயில் விழுந்தது அவர்.

ஹெச்.ஆர். நண்பர்கள் எங்கே சந்தித்தாலும் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: "எங்க டிபார்ட்மென்ட்டுக்கு மதிப்பே இல்ல சார்." சேல்ஸ் காசு கொண்டுவருகிறது, புரொடக்‌ஷன் சரக்கை வெளியே தள்ளுகிறது, நாங்கள் பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துகிறோம் என்கிறார்கள். இதற்கு மருந்தாக அவர்கள் நம்புவது 'பிசினஸ் பார்ட்னர்' என்ற பதவிப் பெயரை. 1997-இல் டேவ் உல்ரிச் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய கருத்து அது. அவர் இந்தத் துறைக்கு நான்கு வேலைகளைச் சொன்னார். நிர்வாகத்தின் திட்டங்களில் பங்காளியாக இருப்பது ஒன்று. ஊழியர்களின் பக்கம் நின்று அவர்கள் குரலைக் கொண்டுபோவது இன்னொன்று. நம் கம்பெனிகள் முதலாவதை விசிட்டிங் கார்டில் அச்சடித்தன. மற்றதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். ஆபீசராக இருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வாலாஜாபாத் பக்கமிருந்து வரவேண்டிய ஷிப்ட் பஸ் வரவில்லை என்பதில் அவள் நாள் தொடங்கும். பிறகு கேன்டீன். பிறகு ஒரு ஆபரேட்டர் வந்து நிற்பார்: மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் முழுசாக. பாரத்தை இவளே நிரப்பி, கையெழுத்து வாங்கி, பணம் வரும்வரை விடாமல் பின்தொடர்வாள். அந்த ஆபரேட்டர் வீட்டில் இவள் பெயருக்கு இருக்கும் மரியாதை பெரிது. ஆனால் இந்த வேலை எந்த அப்ரைசலிலும் ஏறாது.

அதே பெண்ணைச் சாயங்காலம் மேலே கூப்பிட்டு, யூனியன் கூட்டத்துக்குப் போன மூன்று பேரிடம் ராஜினாமா எழுதி வாங்கச் சொல்கிறார்கள். அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "முடியாதுன்னு சொன்னா, நாளைக்கு நாலாவது பேர் என்னோடதா இருக்கும். நான் யார்கிட்ட போறது சார்?"

யாரிடமும் போக முடியாது. தொழில் தகராறுச் சட்டம், 1947, 'தொழிலாளி' என்பதிலிருந்து மேலாண்மை வேலை செய்பவர்களை விலக்கியது. ஹெச்.ஆர். மேலாளருக்கு லேபர் கோர்ட் கதவு திறக்காது. தொழிலாளி கண்ணுக்கோ இவர்தான் கம்பெனி. 2009-இல் கோவையிலும் 2012-இல் மானேசரிலும் தொழிற்சாலைக் கலவரங்களில் உயிரிழந்தவர்கள் மனிதவளத்துறையின் உயர் அதிகாரிகள். அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. நிர்வாகத்தின் முகமாக முன்னால் நின்றவர்கள் அவர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளும் ஆளைப் பற்றி ஒரு காலத்தில் சட்டம் யோசித்திருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவுப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயமாக இருந்தது. பஞ்சாப் மாநில விதிகள் இன்னும் ஒரு படி போயின: லேபர் கமிஷனர் சம்மதம் இல்லாமல் அவரை வேலையை விட்டு எடுக்க முடியாது, எடுத்தால் அரசிடம் அப்பீல் போகலாம். ஒரு சிமென்ட் கம்பெனி தன் வெல்ஃபேர் ஆபீசரை நீக்கி, அந்த விவகாரம் 1960-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி அப்பீலை விசாரிக்கும் மாநில அரசு ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்றது நீதிமன்றம். சம்பளம் கொடுப்பவரிடமே 'இது சட்டப்படி தப்பு' என்று சொல்லவேண்டிய ஆளுக்குப் பின்பலம் வேண்டும் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹெச்.ஆர். தேடும் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பேன். போர்டு ரூமில் இடம் கிடைத்தாலும், அங்கே முடியாது என்று சொல்ல வழியில்லை என்றால் வாயில்லாத பிள்ளைதான்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வெல்ஃபேர் ஆபீசருக்கான வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது. இன்னும் நிறையப் பேர் அந்த நாற்காலிக்கு வரப்போகிறார்கள். பஞ்சாப் விதி போன்ற ஒரு காப்பு அவர்களுக்கு மட்டும் போதாது, ஐ.டி. நிறுவனங்களின் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கும் வேண்டும். சட்டவிரோதமான உத்தரவை மறுத்ததற்காக நீக்கப்பட்டதாக ஒருவர் புகார் கொடுத்தால், காரணத்தை நிர்வாகம் லேபர் கமிஷனர் முன்னால் நிரூபிக்க வேண்டும். என்.ஐ.பி.எம். போன்ற இந்தத் துறையின் அமைப்புகள், அடுத்த மாநாட்டிலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு அரசுக்கு அனுப்பட்டும். வரைவு எழுதக் கூப்பிட்டால் நான் வருகிறேன்.