யாருடைய திருப்தி?

ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஓர் எழுதப்படாத இலக்கணம் உண்டு. அணுகுண்டில் தொடங்க வேண்டும். சாம்பலிலிருந்து எழுந்த இனம் என்று தொடர வேண்டும். நொடி பிசகாத ரயிலையும் குனிந்து வணங்கும் பண்பையும் கடந்து, இறுதியில் ஒரு டொயோட்டா காரில் வந்து இறங்க வேண்டும். ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினைப் பிரிக்காத வண்டி, அதன் உரிமையாளர் முகத்தில் நிறைவு, 'நாமும் இருக்கிறோமே' என்றொரு பெருமூச்சு. கட்டுரை முடிந்துவிடும். எழுதியவருக்கும் திருப்தி, வாசித்தவருக்கும் திருப்தி.

அந்தக் கார் நல்ல கார் அல்ல என்று வாதிட நான் வரவில்லை. நல்ல கார்தான். நண்பர் ஒருவர் பதினான்கு ஆண்டுகளாக ஓர் இன்னோவாவை வைத்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் வரும் கனிவு, சொந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. அந்தக் கனிவை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நம் கட்டுரையாளர்கள் தாவிப் பிடிக்கும் இரண்டு முடிவுகளையே மறுக்கிறேன். தரம் என்பது ஜப்பானிய ரத்தத்தில் ஊறியது என்பது முதல் முடிவு. உரிமையாளரின் திருப்தியே ஒரு நிறுவனத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு என்பது இரண்டாவது. முதலாவது வரலாற்றுக்கு எதிரானது. இரண்டாவது அறத்துக்கு எதிரானது.

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். தச்சர் ஒருவரின் மகனான சகிச்சி டொயோடா தறிகளை வடிவமைத்தவர். அவரது மகன் கீச்சிரோ, தந்தையின் தறி நிறுவனத்துக்குள் 1933-ல் ஒரு மோட்டார் வாகனப் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் வெளிவந்த முதல் லாரியான ஜி1 அடிக்கடி பழுதாகி வழியில் நின்றது. 1937-ல் தனி நிறுவனம் உருவாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1957-ல், டொயோபெட் கிரௌன் என்னும் காரை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்கள். ஜப்பானின் குண்டும் குழியுமான சாலைகளுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கனத்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 1958-ல் அங்கே விற்றவை 287 கிரௌன்களும் ஒரே ஒரு லேண்ட் குரூஸரும். சில ஆண்டுகளில் கிரௌன் ஏற்றுமதியை நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, 1965-ல் கொரோனா காரோடுதான் மீண்டும் போனார்கள். தரம் ரத்தத்தில் ஊறியது என்றால் 1935-லும் 1957-லும் அந்த ரத்தம் எங்கே போயிற்று?

பிறகு எங்கிருந்து வந்தது தரம்? பெரும்பகுதி கற்றுக்கொண்டது, அதிலும் அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொண்டது. 1950-ல் எய்ஜி டொயோடா ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். அங்கே கண்ட யோசனைப்பெட்டி முறையை 1951-ல் டொயோட்டா தனதாக்கிக்கொண்டது. புள்ளியியல் வழியிலான தரக் கட்டுப்பாட்டை அதே 1950-ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாடம் சொன்னவர் டெமிங் என்ற அமெரிக்கர். அவர் பெயரிலான பரிசை டொயோட்டா 1965-ல் பெற்றது. தேவைப்பட்டதைத் தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளும் 'கன்பான்' முறைக்கு, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் அலமாரியே தூண்டுதல் என்று அதை உருவாக்கிய தாய்ச்சி ஓனோவே எழுதியிருக்கிறார். இதில் இழிவு ஏதுமில்லை. கற்றுக்கொண்டதை ஆசிரியரைவிடச் சிறப்பாகச் செய்துகாட்டுவது பெரும் சாதனை. ஆனால் அது சாதனை, பிறவிக்குணம் அன்று. பிறவிக்குணம் என்று புகழ்வது உழைத்தவனின் உழைப்பை அவனிடமிருந்து பறித்து அவன் இனத்துக்குக் கொடுத்துவிடுவது.

நம் கட்டுரைகள் ஒருபோதும் குறிப்பிடாத ஆண்டு ஒன்று உண்டு. அதுவும் 1950. போருக்குப் பிந்தைய பணவீக்கத்தை அடக்க அமெரிக்க வங்கியாளர் டாட்ஜ் 1949-ல் விதித்த கடும் சிக்கன நடவடிக்கையில் டொயோட்டா திவாலின் விளிம்புக்கு வந்தது. கடன் கொடுத்துக் காக்க முன்வந்த வங்கிகள் ஆட்குறைப்பைக் கேட்டன. தொழிலாளர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை போராடினார்கள், தோற்றார்கள். ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். ஆட்குறைப்பு செய்வதில்லை என்ற தன் சொல்லைக் காக்க இயலாத கீச்சிரோ தலைவர் பதவியிலிருந்து விலகினார், 1952-ல் இறந்தார். அவர் விலகிய அதே மாதத்தில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, நிறுவனம் பிழைத்தது. குறைந்த ஆட்கள், கூடிய உற்பத்தி என்ற நெருக்கடியிலேதான் ஓனோவின் முறைகள் வேகம் பிடித்தன. எஞ்சியவர்களுக்கு நிரந்தர வேலை என்ற உறுதி கிடைத்தது. பதிலுக்கு அவர்கள் தம் முழு நேரத்தையும் முழு மூளையையும் தொழிற்சாலைக்குத் தர வேண்டியிருந்தது. 1962-ல் நிர்வாகமும் சங்கமும் கூட்டாகக் கையெழுத்திட்ட பிரகடனம் இந்த உடன்பாட்டை முறைப்படுத்தியது. டொயோட்டாவின் தரம் ஒரு பேரத்தில் பிறந்தது. எந்தப் பேரத்தையும் போலவே இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர் யார் என்பதே என் கேள்வி.

இங்கேதான் 'உரிமையாளர் திருப்தி' என்ற அந்த மந்திரச்சொல் வந்து கதவை மூடுகிறது. அதை அளக்கும் நிறுவனங்கள் என்ன கேட்கின்றன? ஜே.டி. பவர் நிறுவனம், புதிய வண்டியில் முதல் 90 நாட்களில் என்னென்ன குறை கண்டீர்கள் என்று கேட்டு, 100 வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது; மூன்று ஆண்டான வண்டிகளைப் பற்றி இன்னொரு கணக்கு எடுக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், எல்லாவற்றையும் யோசித்தால் இதே வண்டியை மீண்டும் வாங்குவீர்களா என்று கேட்கிறது. இக்கணக்குகளில் டொயோட்டாவும் அதன் சொகுசுப் பெயரான லெக்சஸும் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்திருக்கின்றன. கார் வாங்கப் போகிறவனுக்கு இவை பயனுள்ள கேள்விகளே. ஆனால் இவை இருக்கையில் அமர்ந்திருப்பவனிடம் மட்டும் கேட்கப்படும் கேள்விகள்.

அந்த இருக்கையிலும்கூட, திருப்தி என்பது குறையின்மை அன்று. 1989-ல் லெக்சஸ் அமெரிக்காவில் அறிமுகமாகிச் சில மாதங்களிலேயே, விற்ற சுமார் 8,000 கார்களையும் குறை நீக்கத் திரும்ப அழைக்க நேர்ந்தது. முகவர்கள் வீடு தேடிப் போய் வண்டியை எடுத்து, பழுது நீக்கி, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவமானமாக முடிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி, அந்தப் பெயரின் புகழுக்கு அடித்தளமாயிற்று. நல்ல உபசரிப்பு; பாராட்டலாம். ஆனால் கவனியுங்கள்: குறையுள்ள வண்டியிலிருந்தும் திருப்தியை உற்பத்தி செய்ய முடியும். உற்பத்தி செய்யக்கூடிய ஒன்றை எப்படித் தீர்ப்பாக ஏற்பது?

இருக்கைக்கு வெளியே நிற்பவனைப் பற்றி எழுதிய நூல் ஒன்று உண்டு. சதோஷி கமதா என்ற பத்திரிகையாளர் 1972-ல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆறு மாதம் கியர்பாக்ஸ் கோக்கும் வரிசையில் நின்று வேலை செய்தார். 1973-ல் வெளிவந்த அந்த நாட்குறிப்பு நூலின் தலைப்பை 'மோட்டார் வாகன நிராசைத் தொழிற்சாலை' என்று தமிழில் சொல்லலாம். 1982-ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டை, அதன் வேகத்தைத் துரத்தும் கை, விடுதிக்குத் திரும்பினால் தூங்குவதற்கு மட்டுமே மிஞ்சும் உடல், ஒப்பந்தம் முடியுமுன் விட்டுப்போகும் சக தொழிலாளர்கள் என விரிகிறது அது. டொயோட்டாவின் மேலாண்மை முறையைப் பற்றிய நூல்களை மேற்கோள் காட்டும் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் கமதாவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? இலக்கியம் வாசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாமே மேலாளரின் நூலைப் படித்துவிட்டுத் தொழிலாளியின் நூலை விட்டுவிட்டால், வேறு யார் படிப்பார்கள்?

அது அந்தக் காலம் என்பார்கள். சரி, இந்த நூற்றாண்டுக்கு வருவோம். கொரோமோ என்ற பழைய ஊர் 1959-ல் நிறுவனத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு டொயோட்டா நகரமாயிற்று. அந்நகரின் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த முப்பது வயது மனிதர் ஒருவர் 2002-ல், விடியற்காலையில், பணியிடத்திலேயே சரிந்து இறந்தார். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் நூறு மணிநேரத்துக்கு மேல் கூடுதல் வேலை செய்திருந்தார் என்று 2007-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. வழக்கின் மையம் மிக நுட்பமானது. 'தர வட்டம்' எனப்படும், பணிநேரத்துக்குப் பின் தொழிலாளர்கள் கூடிக் குறைகளை ஆராயும் கூட்டமும் அதற்கான எழுத்துவேலையும் வேலையா, விருப்பச் செயலா? அதிகாரிகள் விருப்பச் செயல் என்றனர். இறந்தவரின் மனைவி வேலை என்றார். நீதிமன்றம் மனைவியின் பக்கம் நின்றது. அதன் பிறகே, 2008-ல், அந்த நேரத்துக்கும் கூலி தர டொயோட்டா முன்வந்தது.

உலகம் முழுவதும் கார் உரிமையாளர்கள் புன்னகைக்கக் காரணமான அந்தத் தரம், பல்லாண்டுகளாகக் கூலியற்ற மாலைநேரங்களிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. எந்தத் திருப்திக் கணக்கெடுப்பிலும் அந்த மாலைநேரங்களுக்கு ஒரு கட்டம் கிடையாது.

என்னை மறுப்பவர்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்றுண்டு. டொயோட்டாவின் நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு டெட்ராய்ட்டில் கிடைத்ததா? குறை கண்டால் வரிசையையே நிறுத்தும் கயிற்றை இழுக்கக் கடைநிலைத் தொழிலாளிக்கு உரிமை தந்த வேறு நிறுவனம் அன்று எது? இரண்டும் உண்மை. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை 1924-ல் செய்த சகிச்சியின் மரபு அந்தக் கயிற்றில் இருக்கிறது; அது மனித மாண்பை உணர்ந்த ஏற்பாடு. ஆனால் நிரந்தரத் தொழிலாளியின் பாதுகாப்பு, பருவகாலத் தொழிலாளியின் பாதுகாப்பின்மைமேல் நின்றது. 2008-ன் நிதி நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோரின் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டன. அந்தக் கயிறோ, உண்மையில் என் வாதத்துக்கே சாட்சி. குறையைத் தேடு, மறைக்காதே, நிறைவடையாதே என்பதே அதன் பொருள். அம்முறையின் உயிர் அதிருப்தி. அதன் விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்தியைப் பாடுகிறவர்கள் அம்முறையையே புரிந்துகொள்ளாதவர்கள்.

திருப்தி நிறுவனத்தையும் கெடுக்கும். 2009-10-ல் தரைவிரிப்பில் சிக்கிய, ஒட்டிக்கொண்ட ஆக்ஸிலேட்டர்களின் காரணமாக லட்சக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்த அகியோ டொயோடா, ஆட்களை வளர்க்கும் வேகத்தைவிட நிறுவனம் வளர்ந்த வேகம் கூடிவிட்டதை ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறு காரணமல்ல என்று 2011-ல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது. அதையும் நேர்மையாகப் பதிவுசெய்வோம். ஆனால் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-ல் 120 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் இசைந்தது. 2022-ல் அதன் குழுமத்தைச் சேர்ந்த ஹினோ, இன்ஜின் புகைச் சோதனைத் தரவுகளைப் பல ஆண்டுகள் திரித்தது வெளிவந்தது. 2023 டிசம்பரில் அதன் முழு உரிமையிலுள்ள டைஹட்சுவின் முறை: 64 மாடல்களில் முறைகேடுகள், சில 1989 வரை பின்னோக்கிச் செல்பவை. மோதலை உணர்ந்து தானே விரிய வேண்டிய காற்றுப்பையை, சோதனையில் டைமர் வைத்து விரித்துக் காட்டியிருந்தார்கள். விசாரணைக் குழு கண்ட முக்கியக் காரணம், நெருக்கிப் பிடித்த கால அட்டவணைகளின் அழுத்தம். 2024 ஜூனில் டொயோட்டாவே தன் ஏழு மாடல்களின் சான்றிதழ்ச் சோதனைகளில் நடந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டது.

இத்தனை ஆண்டுகளும் அந்த வண்டிகளின் உரிமையாளர்கள் திருப்தியாகத்தான் இருந்தார்கள். விரியாத காற்றுப்பையைப் பற்றி யாருக்கும் குறையிருக்க முடியாது, மோதும்வரை. கயிற்றை இழுக்கத் தயங்கிய ஒரு பொறியாளனின் அச்சம், உரிமையாளரின் முகத்தில் புன்னகையாகவே தெரியும். தொழிலாளிக்கு மூச்சுவிட நேரமில்லாத இடத்தில் வாங்கியவனுக்கும் நெடுநாள் பாதுகாப்பு இருக்க முடியாது. இருவரின் நலனும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

ஆகவே, கார் வாங்குங்கள். நன்றாக ஓடினால் மகிழுங்கள். என் நண்பரின் இன்னோவா இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஓடட்டும். ஆனால் அடுத்த முறை ஜப்பானிய உழைப்புக்குத் துதி எழுத உட்காரும்போது, உரிமையாளரிடம் கேட்டது போதும். நகோயா நீதிமன்றத்துக்குப் போன அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் கேட்டது இழப்பீடு மட்டுமன்று. தன் கணவர் செய்ததை வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார். அதை ஒப்புக்கொள்ளாத எந்தப் புகழ்ச்சியும் உழைப்பின் புகழ்ச்சி அன்று.