கோழிக்கூட்டுக்குப் பவுடர் தேடும் முன்



மழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், நம் பாடாங் செராய் வட்டாரத்து லயன்களில் பிள்ளைகள் உடம்பைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீர் சரியில்லை என்பார்கள் சிலர். கருவாடு தின்றதால் சூடு என்பார்கள் சிலர். கோழிக்கூட்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்குக் கையாளாக இருந்த காலத்தில், ஒரு பால்வெட்டுக்கார அம்மா மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். மூவருக்கும் கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சிரங்கு என்று நினைத்து வெள்ளை மருந்து கொடுத்து அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அதே தடிப்போடு அதே மூவரும் வந்து நின்றார்கள். சிரங்கென்றால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தோலுக்குள் துளைத்துக்கொண்டு போன கோடு தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது.

"அக்கா, வீட்டில கோழி அடை வச்சிருந்தீங்களா?"

"ஆமா தம்பி, பொரிச்சு இறங்கி பத்து நாளாச்சு. கூடை சன்னலுக்குக் கீழதான் கெடக்கு."

விஷயம் அதுதான். அடைகோழி மூன்று வாரம் அந்தக் கூடையில் உட்கார்ந்திருந்தபோது அதன் இரத்தத்தைக் குடித்துப் பெருகிய செள்ளுப் பூச்சிகள், கோழி குஞ்சுகளோடு இறங்கிப் போனதும் பட்டினி கிடந்து, சுவரேறி, சன்னல் வழியாகப் பிள்ளைகளின் பாய்க்கு வந்துவிட்டன. அவை மனிதத் தோலில் குடியிருக்க மாட்டா. கடித்துவிட்டுப் போய்விடும். கூடையில் இருந்த வைக்கோலை எரித்து, கூடையை வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டதும் பிள்ளைகளின் அரிப்பு சில நாளில் அடங்கிற்று. மருந்தே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த அம்மா அன்றைக்குக் கிளம்பும்போது கேட்ட ஒரு கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. "ஸ்டோருல இருந்து எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பவுடர் கொண்டாந்து பால் டின்னில வச்சிருக்காரு. அதைக் கூட்டுல தூவிடட்டுமா?"

தோழர்களே, இந்தக் கட்டுரையே அந்தப் பால் டின்னைப் பற்றியதுதான்.

தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும் பூச்சி மருந்து எதுவாக இருந்தாலும் அது கோழிக்காகச் செய்யப்பட்டது அல்ல. பால் டின்னுக்கு மாறிய உடனே அதன் பேரும் அளவும் எச்சரிக்கையும் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரு வெள்ளைத்தூள். சமையலறை அலமாரியில் அது மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கோழி அதில் புரளும், இறகைக் கோதும்போது விழுங்கும். விழுங்கியதில் ஒரு பகுதி கொழுப்பில் தங்கும், முட்டையின் மஞ்சள் கருவுக்கும் போகும். அந்த முட்டையை யாருக்குக் கொடுக்கிறோம்? பிள்ளைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும்தானே!

இது நம் லயத்துக் கதை மட்டுமல்ல. 2017-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் பெரிய பெரிய கோழிப்பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்க ஒரு கம்பெனி மருந்தடித்தது. அந்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்கு வளர்க்கும் பிராணிகளின் மேல் அங்கே அதை உபயோகிக்கவே கூடாது. விஷம் முட்டையில் கண்டுபிடிக்கப்பட்டு, கோடிக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. படித்த அதிகாரிகளும் பரிசோதனைக் கூடங்களும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. நம் வீட்டு முட்டையை யார் பரிசோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

களைக்கொல்லி விஷயத்தில் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பராகுவாட்டைத் தடை செய்வதாக 2002-இல் அரசாங்கம் அறிவித்தது, 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத்தடை வந்தது. இத்தனை வருஷம் தெளிப்பு வேலை செய்த பெண்கள் நகம் கழன்றும் மூக்கில் இரத்தம் வடிந்தும் கஷ்டப்பட்டார்கள். வேலைக்காட்டில் அந்த விஷத்தோடு போராடிவிட்டு, அதன் பங்காளியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவருவது என்ன நியாயம்?

ஏன் கொண்டுவருகிறோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது இனாம். கடையில் வாங்கும் மருந்துக்கு வெள்ளி கொடுக்க வேண்டும், டவுனுக்குப் போகப் பஸ் காசு கொடுக்க வேண்டும். ஆகவே அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஸ்டோர் கதவைத் திறந்து போட்டிருந்தவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

சரி, பவுடர் வேண்டாமென்றால் பின் என்ன செய்வது? என் அபிப்பிராயம் இது: கோழிக்கூட்டுக்கு முதல் மருந்து காய்ந்த தரை. ஈரத்தில் ஈப்புழுவும் பூஞ்சையும் பெருகும், எச்சத்தின் காரம் கண்ணைக் கரிக்கும், நோஞ்சானாகிப் போன கோழியைப் பேனும் செள்ளும் சும்மா விடாது. ஒழுகும் தகரத்தின் கீழே எவ்வளவு விலையுள்ள மருந்தைக் கொட்டினாலும் அது ஒரு நாளில் சேறுதான்.

தரையில் பரப்புவதற்கு நம் கெடாவில் உமியைப் போல வசதியானது வேறில்லை. நெல் விளையும் மாநிலத்தில் இருந்துகொண்டு உமிக்கு அலைவது வெட்கம். ஈரத்தை அது அதிகமாக உறிஞ்சாது என்றாலும் காற்றோடி சீக்கிரம் காய்ந்துவிடும், கட்டி பிடிக்காது. மூன்று நாலு அங்குலத்துக்குப் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள். கோழி ஏறி உட்காரும் கட்டைக்குக் கீழே மட்டும் எச்சத்தை அடிக்கடி வாரிவிடுங்கள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மரச் சீவலும் நல்லதுதான், உமியைவிட ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் ரப்பர் மரப் பலகை சீக்கிரம் உளுத்துப்போகும் என்பதால் மில்லில் அதற்கு மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றிய பலகையைச் சீவியதா, பச்சை மரத்தைச் சீவியதா என்று கேட்டு வாங்குங்கள். இதை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பிரிட்டனில் மருந்தேற்றிய மரத்தின் சீவலைப் பரப்பிய பண்ணைகளில், அந்த மருந்தைப் பூஞ்சை மாற்றிவிட்டதால் கோழிக்கறியே பூஞ்சை வாடை அடித்தது. நைசான மரத்தூள் வேண்டாம். குஞ்சு அதைத் தீனியென்று கொத்தும், தூசி நெஞ்சில் இறங்கும். காய்ந்த லாலான் புல்லை முட்டைக்கூடையில் போடலாம், தரைக்கு ஒத்துவராது. பழைய சாக்கு கூடவே கூடாது. அதன் மடிப்பு ஒவ்வொன்றும் செள்ளுக்கு ஒரு லயன் வீடு!

இப்போது தூள்களுக்கு வருவோம். பேன் வேறு, செள் வேறு. பேன் இராப்பகல் கோழியின் உடம்பிலேயே கிடக்கும். இறகின் அடியில், முக்கியமாக ஆசனவாயைச் சுற்றி, முட்டைகளைக் கொத்தாக ஒட்டி வைத்திருக்கும். சிவப்புச் செள் அப்படியல்ல. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து குடிக்கும். கோழி இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே கோழிமேல் மட்டும் தூவினால் செள் சாகாது, கூட்டில் மட்டும் தூவினால் பேன் சாகாது.

நம் பாட்டிமார் கண்ட அடுப்புச் சாம்பல் இன்றும் நல்ல மருந்து. ஒரு பழைய டயரிலோ பெட்டியிலோ காய்ந்த மணலும் சாம்பலும் கலந்து மழை படாத இடத்தில் வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதறிக்கொள்ளும். விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். பெயின்ட் பலகையும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பல் விஷம். நனைந்த சாம்பல் காரமாகித் தோலைப் புண்ணாக்கும் என்பதால் ஈரமானால் கொட்டிவிடுங்கள்.

சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, கூடு காலியாக இருக்கும்போது சுவரிலும் கட்டையிலும் இடுக்கு அடைபடும்படி அடிக்கலாம். காய்ந்த பிறகே கோழியை விடுங்கள். நீற்றாத சுண்ணாம்பு கண்ணுக்கும் காலுக்கும் நெருப்பு, அதைத் தொடவே வேண்டாம். எச்சம் நிறைந்த ஈரத் தரையில் சுண்ணாம்பைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் காரவாடை இன்னும் கிளம்பும், கோழிதான் மூச்சுத் திணறும்.

கந்தகத்தூள் ரப்பர்காரர்களுக்குப் புதிதல்ல. இலையுதிர்ந்து துளிர்விடும்போது வெண்பூஞ்சைக்கு அடித்ததுதான். செள்ளுக்கு அது நல்ல எதிரி. புரளும் மணலில் கொஞ்சமாகக் கலக்கலாம். ஆனால் கடையில் பாக்கெட்டோடு வாங்கியதாக இருக்கட்டும். இப்போது சில கடைகளில் பாசிமண் தூள் என்று ஒன்றை விற்கிறார்கள். கடலிலும் குளத்திலும் வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடு மண்ணாகிக் கிடப்பது அது. பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைக் கெடுத்து அதை வற்றவைத்துக் கொல்லும். காய்ந்த இடத்தில் வேலை செய்யும், நம் மழைக்காலத்தில் நனைந்துபோனால் வெறும் மண். தூவும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் அடங்காவிட்டால் பெர்மெத்ரின் கலந்த, கோழிக்கென்றே லேபிள் ஒட்டிய தூளைக் கால்நடை இலாகாவில் கேட்டு வாங்குங்கள். முட்டையை எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். பூனை இருக்கும் வீடானால் இன்னும் ஜாக்கிரதை, அந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். எந்தத் தூளும் முட்டையைக் கொல்வதில்லை, ஆகவே ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரண்டாம் முறை தூவ வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் "மருந்து கேக்கலைங்க" என்று ஸ்டோருக்கு ஓடுகிறார்கள்.

செராய் புல்லை வெட்டிக் கூட்டில் போட்டால் போதும், நம் ஊர்ப் பேரே அதுதானே என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். வாசனை நன்றாக இருக்கும். செள் அதன் மேலேயே ஏறி நடக்கும்.

பால் டின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சாக்கடையில் கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள். மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மறுநாளே ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுங்கள். யாராவது விழுங்கிவிட்டு எச்சில் ஒழுகி, வியர்த்து, வாந்தியெடுத்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் நாட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. வாயில் விரல் விட்டு வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவி, டின்னையும் எடுத்துக்கொண்டு கூலிம் ஆஸ்பத்திரிக்கோ சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் டாக்டர்கள் பினாங்கு பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய விஷ மையத்தைக் கேட்டுக்கொள்வார்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. மருந்து ஸ்டோருக்குப் பூட்டும் கணக்கும் இருக்கட்டும். தெளிப்புக்காரர்கள் குளித்துத் துணி மாற்ற வேலை இடத்திலேயே வசதி இருக்கட்டும். மற்றது நம் கையில்தான். ஒவ்வொரு வீடும் தனித்தனியே பஸ்ஸில் ஒரு மூட்டை உமி கொண்டுவர முடியாது. கிளைக் கமிட்டி நெல் மில்லில் பேசி, லயத்துக்கு ஒரு லாரி இறக்கினால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். "கோழிக்கெல்லாமா சங்கம்?" என்று யாராவது சிரித்தால், பிள்ளையின் முதுகைக் காட்டுங்கள்.

அதற்கு முன் இன்று இரவே ஒரு காரியம் செய்யலாம். எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு கூட்டுக்குப் போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. மறுநாள் காலையில் கட்டையைக் கழற்றி, இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள்.