உயிரொலிகளின் எண்ணிக்கை உயர்வுக்கு அளவாகுமா?

உயிரொலிகள் மிகுந்த மொழியே வளமுடையது என்றும், அவை குறைந்த மொழி குறையுடையது என்றும் கூறுவார் உளர். இக்கூற்று ஒலியியல் உண்மைக்கு முற்றும் புறம்பானது.

தென்னமெரிக்கக் கெச்சுவா மொழி அ, இ, உ என்னும் மூன்றுயிர் கொண்டே குறைவின்றி இயங்குகின்றது. செவ்விய அரபும் இம்மூன்றையே குறிலும் நெடிலுமாக ஆள்கின்றது. சப்பானியம், இசுபானியம், சுவாகிலி ஆகியன ஒன்றற்கொன்று உறவில்லாதன. ஆயினும் மூன்றற்கும் அடிப்படை உயிர்கள் ஐந்தே. 1984-இல் இயன் மேடிசன் 317 மொழிகளை ஆய்ந்து வெளியிட்ட நூலிலும் ஐயுயிர் அமைப்பே மிகப் பரவலாகக் காணப்படுகின்றது.

இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது? 1972-இல் சுவீடன் நாட்டு அறிஞர் இலிலியன்கிரான்சும் இலிந்துபுளோமும் கணிப்பொறி வாயிலாக விடை கண்டனர். உயிரொலிகள் செவிக்கு மயங்காதவாறு இயன்றவரை ஒன்றையொன்று விலகி நிற்கும் என்பதே அவர்தம் கோட்பாடு. மூன்றாயின் அ, இ, உ என மூலைகளில் நிற்கும். ஐந்தாயின் எகரமும் ஒகரமும் இடையே அமையும்.

ஆயினும் இதுவே முற்றமுடிபன்று. உயிர்கள் பெருகுமிடத்து, இகரத்திற்கும் உகரத்திற்கும் இடையே, உலக மொழிகளில் உள்ளவற்றினும் மிகுதியான ஒலிகளை அக்கணிப்பு வைத்துவிட்டது. குறில் நெடில் வேறுபாட்டையும் அது கருதிற்றிலது. தமிழுக்கோ அவ்வேறுபாடே உயிர்நாடி. எடு என்பது வேறு, ஏடு என்பது வேறு. கொடு என்பது வேறு, கோடு என்பது வேறு. எகர ஒகரக் குறில்கள் வடமொழியில் இல்லை. அதனால் வடமொழி தாழ்ந்ததுமன்று. அதன் நெடுங்கணக்கை அளவுகோலாக்கித் தமிழை அளத்தல் முறையுமன்று.

தொல்காப்பியர் பிறப்பியலில் அகர ஆகாரத்தை வாய்திறப்பாலும், இகர எகர இனத்தை நாவிளிம்பின் முயற்சியாலும், உகர ஒகர இனத்தை இதழ்குவிவாலும் மூவகைப்படுத்தினார். இன்றைய ஆய்வாளர் காட்டும் மூன்று மூலைகளோடு அவ்வகைப்பாடு இயைந்து நிற்றல் எண்ணி மகிழத்தக்கது. எனினும் அவர் கூறியது ஒலி பிறக்கும் முறை. இவர் கூறுவது செவி பிரித்துணரும் முறை. இரண்டையும் ஒன்றெனக் கூறிப் பெருமை கொள்ளுதல் தொல்காப்பியர்க்குச் சிறப்பாகாது. அவர்தம் நுண்ணோக்கிற்கு இரவல் புகழ் வேண்டுவதில்லை.

எனவே, உயிரொலிகளின் எண்ணிக்கையைக் காட்டித் தமிழைத் தாழ்த்துவாரும் உயர்த்துவாரும் ஒருங்கே பிழைபடுவர். எம்மொழியையும் அதனதன் அமைப்பால் ஆராய்தலே அறிஞர் கடன். அவ்வாராய்ச்சிக்கு அஞ்ச வேண்டிய நிலை தமிழுக்கு என்றும் இல்லை.