அளவற்றது என்னும் அளவு

சொற்களைப் பொருளறிந்து ஆள வேண்டும் என்று வகுப்பறையில் மாணவர்க்கு நாள்தோறும் சொல்லிவருகிறோம். வீட்டுக்கு வந்து இணைய இணைப்புக்கான விளம்பரத்தாளைப் பிரித்தால், அப்பாடம் முழுவதும் கேலிக்கு உள்ளாகிறது. 'அளவற்ற இணையம்' என்பது தலைப்பு. இத்தனை ஜிகாபைட் தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும் என்பது அடியில் கிடக்கும் பொடியெழுத்து. அளவற்றதற்கு ஓர் அளவு உண்டென்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

'100 எம்பிபிஎஸ் வரை' என்பது அடுத்த வாக்கு. 'வரை' எல்லையைக் குறிக்கும் சொல். இங்கே அது மேலெல்லையை மட்டுமே குறிக்கிறது. ஒன்று வந்தாலும் நூறு வரைக்குள் அடக்கம்தானே? கீழெல்லை எதுவென்று கேட்டால் மறுமொழி இல்லை. மூன்றாவதாக 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை'. பணம் கட்டியவன் தான் வாங்கிய பொருளைப் பயன்படுத்துவது எப்போது அநியாயமாயிற்று? மூன்று தொடர், மூன்று திரிபு. மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மை போட்டிருப்போம். நிறுவனம் எழுதியதால் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம்.

சொற்குற்றம் நிறுவனங்களோடு நிற்கவில்லை. 2004இல் நடுவணரசு வெளியிட்ட அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது அகன்ற வரிசை என்று வரையறுத்தது. 2013இல் அது 512 ஆயிற்று. 2 மெகாபிட்டை எட்ட 2023 வரை காத்திருந்தோம். அமெரிக்காவின் ஒழுங்காற்று ஆணையம் 2015இல் 25 மெகாபிட் என்றும், 2024இல் 100 மெகாபிட் என்றும் தன் வரையறையை உயர்த்திக்கொண்டது. ஒற்றையடிப் பாதைக்கு 'நெடுஞ்சாலை' என்று பெயர்ப்பலகை நட்டால், நாட்டில் நெடுஞ்சாலைகளின் எண்ணிக்கை கூடிவிடும், பயணம் விரைவுபடாது. அப்படியும் 2010க்குள் 2 கோடி இணைப்பு என்ற அதே கொள்கையின் இலக்கில் ஏறத்தாழப் பாதியே நிறைவேறியது.

"ஜப்பானும் கொரியாவும் பணக்கார நாடுகள், சிறிய நாடுகள், நம்மோடு ஒப்பிடலாமா?" என்பார் உளர். ஒப்பிடத்தான் வேண்டும். தென்கொரியாவின் பரப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1.3 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கொரியாவின் நெருக்கமும் 500ஐ ஒட்டியதே. அடுக்ககங்களில் பெருவாரியாக வாழ்வது அவர்களுக்கு வாய்த்த வசதி, மறுக்கவில்லை. ஆனால் பரப்பும் நெருக்கமும் நமக்குத் தடை என்னும் வாதம் இக்கணக்கின் முன் நிற்காது.

செல்வத்தைக் காட்டிலும் கொள்கையே பெரிது என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே பழைய தொலைபேசி நிறுவனத்தின் செப்புக் கம்பிகளைப் போட்டி நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று அரசு விதித்தது. அதன் பயனாக 2001இல் புதிய நிறுவனம் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் இணைப்பை மலிவு விலையில் விற்கத் தொடங்கியது. அதுவும் 'வரை'க் கணக்குத்தான். ஆயினும் மூன்றாண்டுக்குப் பின் நாம் வகுத்த 256 கிலோபிட்டைப் போல் முப்பது மடங்குக்கு மேல். இங்கும் கம்பிகளைத் திறந்துவிடும்படி 2004இல் டிராய் பரிந்துரைத்தது. அரசோ, நிறுவனங்கள் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. கம்பியை வைத்திருப்பவன் போட்டியாளனை அழைத்துப் பங்கு கொடுப்பானா?

2016க்குப் பின் கைப்பேசித் தரவு மலிந்துவிட்டதே என்பது அடுத்த சமாதானம். மலிந்தது உண்மை, அதனால் பல கோடிப் பேர் முதன்முறையாக இணையத்தைக் கண்டதும் உண்மை. ஆனால் 2025இல் இந்நாட்டின் அகன்ற வரிசை இணைப்புகளுள் கம்பிவழி வருவன ஏறத்தாழ இருபதில் ஒன்றே. கைப்பேசி பார்ப்பதற்குப் போதும். ஆய்வதற்கும் எழுதுவதற்கும் ஆக்கியதை மேலேற்றுவதற்கும் போதாது.

இது வெறும் வசதிக் குறைவு என்று இலக்கிய அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. தட்டச்சிட்ட தமிழ் நூல் மிக இலேசானது. பெரிய நூலும் ஓரிரு மெகாபைட்டில் அடங்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தொலைபேசிவழி இணைப்பிலும் உலகெங்கும் சென்று சேர்ந்தமைக்கு அதுவே காரணம். ஆனால் பழைய பதிப்புகள், இதழ்த் தொகுதிகள், ஓலைச்சுவடிகள் எல்லாம் பக்கப் படங்களாகவே கிடைக்கின்றன. ஒரு நூல் 200 மெகாபைட் என்று கொள்வோம். மெய்யாகவே 100 மெகாபிட் வேகம் இருந்தால் 16 நொடியில் இறங்கும். அளவு தீர்ந்தபின் குறைந்தது 512 கிலோபிட் தர வேண்டும் என்று 2016இல் டிராய் ஆணையிட்டது. அந்த வேகத்தில் ஐம்பது நிமிடத்துக்கு மேலாகும். சென்னையில் இருக்கும் ஆய்வாளர் நேரே நூலகம் போய்விடுவார். சிற்றூரிலிருந்து வரும் முதல் தலைமுறை ஆய்வு மாணவிக்கு இணையமே நூலகம். வேகத்தைக் குறைப்பவர்கள் அந்த நூலகத்தின் கதவையே சாத்துகிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் இது வெட்டவெளிச்சமாயிற்று. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரவு அட்டைகளைத் தமிழக அரசு இலவசமாக வழங்கியது. நல்லெண்ணம்தான், ஆனால் அலைக்கோபுரம் எட்டாத ஊரில் அந்த அட்டையால் என்ன பயன்? ஊராட்சிதோறும் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் நடுவணரசுத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது. இரண்டாண்டில் முடியும் என்றார்கள். 2023இல் அதற்குத் திருத்திய திட்டமும் புதிய நிதியும் ஒதுக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் இழை வந்தாலும், ஊராட்சி அலுவலகப் பெட்டிக்குள் அது முடிந்துபோனால் பயனில்லை. ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் அங்கிருந்து வீடுகளுக்கும் அது நீள வேண்டும்.

நாம் கேட்பவை மிகுதியல்ல. 'வரை' என்று எழுதும் இடத்தில், எந்நேரமும் கிடைக்கும் குறைந்த வேகம் இன்னது என்று எழுதுங்கள். வரம்பு வைத்துவிட்டு 'அளவற்ற' என்று விற்பதைச் சட்டத்தால் தடுங்கள். இறங்கும் வேகத்துக்கு இணையாக ஏற்றும் வேகத்தையும் தாருங்கள். நாம் நுகர்வோர் மட்டுமல்லர், ஆக்குவோரும் கூட. பொதுப்பணத்தில் புதைத்த இழையை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விலையில் திறந்துவிடுங்கள்.

அரிசியில் எடை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறோம். பிட்டில் எடை குறைந்தால் கருவியை அணைத்துப் போட்டுவிட்டு வாளாவிருக்கிறோம். தராசு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக எடைமோசடி இல்லையென்று ஆகிவிடாது.