“ஆண்டு முழுவதும் இதமான வானிலை”யாம்!

போன வாரம் ஒரு பயண ஏற்பாட்டாளரின் துண்டறிக்கை வீட்டுக்கு வந்தது. “மொரீசியஸ்: ஆண்டு முழுவதும் இதமான வானிலை” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். பொய் சொல்லாமலே உண்மையை மறைத்து எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இது அந்த ரகம்.

சராசரியைப் பார்த்தால் அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நான்கைந்து டிகிரிதான் வித்தியாசம். ஆனால் அந்தக் கோடை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புயல் பருவமும் அதுவே. மே நடுவரை நீளும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் அதன் உச்சம். நம் ஊரில் பொங்கலோடு புயல் பயம் தீர்ந்துவிடும். அங்கே அப்போதுதான் ஆரம்பிக்கும்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ‘போல் எ விர்ழினி’ கதை சொல்லிக்கொடுத்தார்கள். எழுதியவர் பெர்னார்தென் தெ சேன்-பியேர். அந்தத் தீவில் இரண்டு வருஷம் இருந்தவர். சேன்-ழெரான் கப்பல் உண்மையில் மூழ்கியது 1744 ஆகஸ்டில். கதையில் அதை அவர் டிசம்பர் மாதத்துப் புயலில் மூழ்கடித்தார். 1788-இல் வந்த நாவலுக்கே புயல் மாதம் தெரிந்திருக்கிறது. இன்றைய துண்டறிக்கைக்குத் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மைத்துனர் குடும்பம் தைப்பூசக் காவடி பார்க்க அங்கே போனது. அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை. பார்க்க வேண்டிய திருவிழாதான், மறுக்கவில்லை. ஆனால் அது விழுவது புயல் மாதத்தில் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் வாயைத் திறக்கவில்லை. போன மூன்றாம் நாள் புயல் எச்சரிக்கை. கடை இல்லை, பஸ் இல்லை, விமானம் இல்லை. மைத்துனருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை நாள் கணக்குப் பார்த்துத்தான் எடுத்துப் போயிருந்தார். ஊர் திரும்ப மூன்று நாள் தாமதம். கடைசி இரண்டு நாள் மாத்திரையே இல்லை. வந்து கேட்டால், “அது இயற்கை சார்” என்றார்கள். புயல் இயற்கைதான். சொல்லாமல் விட்டது இயற்கையா?

நம்மவர்களையும் விடமாட்டேன். “2011-லேயே தானே புயலைப் பார்த்தவங்க நாம, இதெல்லாம் ஒரு காத்தா?” என்று வீரம் பேசுவார்கள். அந்த நாட்டில் எச்சரிக்கைக்கு நான்கு படிகள். மூன்றாம் படி வந்தால் வெளியே காலை வைக்கக் கூடாது. நான்காம் படியில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். நடுவில் திடீரென்று காற்று அடங்கினால், அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மழையும் லேசுப்பட்டதல்ல. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அன்று புயல்கூட இல்லை. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது அதே நகரத்தில் கார்கள் மிதந்தன.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியான காலம் வேண்டுமென்றால் மே கடைசி முதல் அக்டோபர் வரை போங்கள். அப்போது அங்கே குளிர்காலம். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மேட்டிலுள்ள க்யூர்பிப்புக்கு ஸ்வெட்டரும் குடையும் வேண்டும். மேற்குக் கடற்கரையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை என்றால், நடு மேட்டில் 4,000. கிழக்குக் கரையில் காற்று விடாது அடிக்கும். காவடிக்கே போவதென்றால் ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்; தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள்.

பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்வேன். “இது புயல் மாதம், யோசித்து வரவும்” என்று துண்டறிக்கையின் அடியில் ஒரு வரி சேருங்கள். அதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?