விசாரிக்கும் வேலை பள்ளிக்கு இல்லை

ஆசிரியர் மீது மாணவி பாலியல் புகார் சொன்னால், பள்ளி நிர்வாகம் முதலில் தனக்குள் விசாரித்து, உண்மை என்று உறுதியான பிறகே காவல்துறையிடம் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நிதானமான பேச்சாகத் தோன்றும் இந்த யோசனை, பிள்ளையைத் துன்புறுத்தியவருக்கு அவகாசம் வாங்கித் தரும் யோசனை. சட்டத்துக்கும் விரோதமானது.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. நிரூபித்துவிட்டு வரும்படி அது யாரையும் கேட்கவில்லை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. அந்த ஓய்வுபெற்றவரின் யோசனையைக் கேட்டு நடக்கும் தலைமையாசிரியர் குற்றவாளிக் கூண்டில்தான் போய் நிற்பார்.

அந்த ஓய்வுபெற்றவர் சொல்லும் விசாரணை எப்படி நடக்கும்? தலைமையாசிரியர் அறையில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதினான்கு வயதுப் பெண் நின்றுகொண்டிருப்பாள். "சார் சும்மா தட்டிக் கொடுத்திருப்பாரு, நீ தப்பா எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். அவளுடைய செய்முறைத் தேர்வு மதிப்பெண் அந்த சாரின் கையில் இருக்கும். வெளியே காத்திருக்கும் அப்பாவிடம், "பொண்ணு பேரு கெட்டுடும், யோசிச்சுக்குங்க" என்பார்கள். கடைசியில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போவாள், அந்த சார் வேறு கிளைக்கு மாற்றப்படுவார். அங்கேயும் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள்.

சட்டம் காட்டும் வழி வேறு. கூடியவரை, உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படவே கூடாது. இந்தக் காப்பைப் பறித்துவிட்டு நான்கு நாற்காலிகளுக்கு முன் அவளை நிறுத்துவதற்கு இந்த யோசனைக்காரர் வைக்கும் பெயர் நிதானம்!

நிறுவனம் தன்னைத் தானே விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லாரி நாசர் வழக்கே சாட்சி. ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளின் மருத்துவரான அவர் மீது வந்த புகாரை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் விசாரித்தது. கருத்துச் சொன்ன மருத்துவர்கள் அவரோடு அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். தவறில்லை என்று முடித்தார்கள். அவர் 2016 வரை சிகிச்சையைத் தொடர்ந்தார். 2018இல் அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசியவர்கள் 150 பேருக்கும் மேல்.

ஓர் ஆசிரியரின் இருபது ஆண்டு நற்பெயர் ஒரு புகாரில் அழியலாமா என்று கேட்கிறார் அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்த நற்பெயர்தான் இந்தக் குற்றத்தின் கருவி. மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு, துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள் என்று கண்டது. தனி வகுப்பு எடுப்பது, பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவது எல்லாம் அவர்களுக்கு முன்னேற்பாடு. நற்பெயரைக் குற்றமின்மைக்குச் சான்றாக ஏற்றால் இவர்களில் ஒருவர்கூடச் சிக்க மாட்டார்.

பொய்ப் புகார் பற்றிய அச்சத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் தரும் பெரியவர்களைத் தண்டிக்க 22ஆம் பிரிவு இருக்கிறது. நேர்மையான ஆசிரியருக்கும் வெளிவிசாரணையே நல்லது. சக ஊழியர்கள் கூடி விடுவித்தால் ஊர் நம்பாது. சந்தேகம் அவரை விட்டுப் போகாது.

புகார் வந்த அன்றே தலைமையாசிரியர் செய்ய வேண்டியவை மூன்று: காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது, அந்த ஆசிரியரை மாணவர்களிடமிருந்து விலக்கி வைப்பது, அந்தப் பெண்ணின் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்வது. இவற்றைச் செய்யத் துணிவில்லாதவருக்குப் பள்ளியை நடத்தும் தகுதி இல்லை; செய்யாதே என்று ஊருக்கு உபதேசிப்பவருக்கோ கல்வியாளர் என்ற பெயரே பொருந்தாது.