எடை போட்டு வாங்க ரெக்கார்டு என்ன கத்தரிக்காயா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பத்து நாளாக நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சண்டை ஓடுகிறது. ஒரு கட்சி, "பழைய எச்.எம்.வி. ஒரிஜினல் பிரஸ்ஸிங்தான் சார் பிரஸ்ஸிங். புதுசெல்லாம் சி.டி.யை எடுத்து வினைலில் ஊற்றியது" என்கிறது. இன்னொரு கட்சி, "180 கிராம், கலர் வினைல், விரித்துப் பார்க்கிற அட்டை. இதன் முன்னால் கீறல் விழுந்த பழைய தட்டு நிற்குமா?" என்கிறது. நடுவில் என் பெயரை இழுத்து, "சார் பிசிக்ஸ் வாத்தியார், அவரே சொல்லட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

சொல்கிறேன். இரண்டு கட்சிக்கும் பாஸ் மார்க் கிடையாது. ஒருவர் தட்டின் வயதைப் பேசுகிறார், இன்னொருவர் எடையைப் பேசுகிறார். பாட்டைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஒரு பிரஸ்ஸிங்கைப் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்த டேப்பிலிருந்து எடுத்தது? யார் வெட்டியது? எப்படி அழுத்தியது? இதற்கெல்லாம் வாய் திறக்காத ஒரு ரெக்கார்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பது தண்டச் செலவு என்பதுதான் என் கட்சி.

முதலில் இந்த 180 கிராம். சாதாரண எல்.பி. 120 முதல் 140 கிராம் வரை இருக்கும். கூடுதல் பிளாஸ்டிக் எங்கே போகிறது? தட்டின் தடிமனுக்குப் போகிறது. ஊசி படிப்பதோ மேற்பரப்பில் தலைமுடி அகலத்தில் ஓடும் ஒரு பள்ளத்தை. தட்டு தடித்ததால் பள்ளம் ஆழமாகிவிடாது. தடித்த தட்டு கொஞ்சம் நெளியாமல் கிடக்கும், அவ்வளவுதான். மோசமாக வெட்டிய பாட்டை 180 கிராமில் அழுத்தினால் மோசமான பாட்டு கனமாக இருக்கும்!

சத்தத்தின் தரம் எங்கே தீர்மானமாகிறது என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் போனால் சுமார் 20 செ.மீ.தான். அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். அதனால்தான் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' எல்லாம் சீறுகின்றன. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் என்றால் தாராளம். 25 நிமிஷத்தைத் தாண்டினால், பள்ளங்களை நெருக்கி, சத்தத்தையும் பாஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஆகவே அடுத்த முறை எடையைப் பார்க்காதீர்கள். பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் என்று பாருங்கள்.

அழுத்துவதிலும் விஷயம் இருக்கிறது. வெட்டிய மூலத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த ஸ்டாம்பரைக் கொண்டுதான் சூடான வினைலை அழுத்துகிறார்கள். ஸ்டாம்பர் தேயும். புது ஸ்டாம்பரில் முதலில் வந்த தட்டும், அது தேய்ந்த பிறகு வந்த தட்டும் ஒன்றாக ஒலிக்காது. அட்டை மட்டும் ஒன்றாகவே இருக்கும்.

இப்போது 'ஒரிஜினல்' கட்சிக்காரர்களிடம் வருகிறேன். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-இல் வந்த ஜாஸ் ஆல்பம். உலகமே கொண்டாடுகிற தட்டு. அதன் முதல் ஒலிப்பதிவு நாளில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. சரியான வேகத்தில் திரும்ப ஓடவிட்டபோது சுருதி கூடிவிட்டது. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பிழையோடுதான் விற்றன. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். அங்கே சுருதி சுத்தம் மறுபதிப்பில்தான் கிடைத்தது. ஒரிஜினல் கட்சி இதற்கு என்ன சொல்லப்போகிறது?

உடனே புதுசு கட்சி விசில் அடிக்க வேண்டாம். 1969-இல் வந்த லெட் செப்பெலின் இரண்டாம் ஆல்பத்தை எடுங்கள். முதல் வெட்டைச் செய்தவர் பாப் லட்விக். பாஸும் டிரம்மும் அதிரும்படி வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளுகிறது என்று புகார் வர, கம்பெனி சத்தத்தைத் தணித்து வேறு வெட்டு போட்டது. இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது லட்விக்கின் வெட்டைத்தான். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்கிறதல்லவா, அதில் 'ஆர்.எல்.' என்று அவர் கீறிவைத்த எழுத்தைக் கொண்டு. தட்டின் ஜாதகம் அந்த வளையத்தில் இருக்கிறது. அட்டைப் படத்தில் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். கல்கத்தாவில் 1908-இல் சியால்டாவில் தொடங்கி 1928-இல் டம்டம்முக்கு மாறிய ஆலையிலிருந்து வந்த எச்.எம்.வி. தட்டுகளில் அருமையானவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆலையை விட்டு வந்த அன்று இருந்த தட்டு வேறு, இன்று பழைய சாமான் கடையில் கிடைக்கிற தட்டு வேறு. இடையில் அது எங்கே இருந்தது? கல்யாண வீட்டிலும் மாரியம்மன் கொடையிலும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜின் ஊசி 2 கிராம் பாரத்தில் உட்காருகிறது. அன்றைய செராமிக் ஊசி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தோடு உழுதது. மேலே பளபளப்பாக இருக்கும், பள்ளத்துக்குள் உயர்ந்த ஸ்வரங்கள் செத்திருக்கும். 'மின்ட் கண்டிஷன்' என்று சொல்லி விற்பவரிடம், "ஒரு பக்கம் ஓடவிடுங்கள் அண்ணே, கடைசிப் பாட்டைக் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

புதுசுக்கும் இதே நியாயம்தான். 2022-இல் அமெரிக்காவில் பெரிய ரகளை நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி, 'ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்' என்று அட்டையின் தலையிலேயே போட்டு, அதிக விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் டேப்பிலிருந்து நேராக வெட்டியது என்றே நம்பினார்கள். நடுவில் டிஜிட்டல் பிரதி ஒன்று எடுத்துத்தான் பல ஆண்டுகளாக வெட்டினார்கள் என்பது வெளியே வந்ததும் வழக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தத் தட்டுகளின் சத்தத்தைப் புகழ்ந்தவர்களில் டிஜிட்டல் என்றாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. டிஜிட்டல் நடுவில் வந்தது குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். சொல்லாமல் விற்றது குற்றம். அங்கே வாங்கியவன் கேள்வி கேட்டான், பதில் வந்தது. இங்கே நாம் கேட்பதே இல்லை. நான் கையில் எடுத்துப் பார்த்த தமிழ் மறுபதிப்புகளில், எந்த டேப், யார் வெட்டியது என்று ஒரு வரிகூட இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம். போஸ்டர் மட்டும் இரண்டு இருந்தது.

அட்டைக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான். ஜாஸ் தட்டுகளில் யார் எந்த வாத்தியம் என்று பின்னட்டையில் போடுவது 1950-களிலேயே வழக்கம். 'கைண்ட் ஆஃப் புளூ'வின் பின்னட்டைக் குறிப்பை எழுதியதே அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ்தான். நம் கர்நாடக சங்கீத எல்.பி.யிலும் வயலின் யார், மிருதங்கம் யார் என்று போட்டார்கள். சினிமாத் தட்டில்? ஹீரோ படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர். அதோடு சரி. இளையராஜா பாட்டுகளில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன், டிரம்ஸ் புருஷோத்தமன் என்று ஒரு சில பெயர்கள் ரசிகர்கள் வாய்வழியாகத்தான் நமக்கு வந்தன. மற்ற எத்தனையோ பேர் 'ஆர்கெஸ்ட்ரா' என்ற ஒரே சொல்லில் கரைந்து போனார்கள். அன்று இடமில்லை என்றார்கள், சரி. இன்று விரித்தால் இரண்டடி அகலம் வருகிற அட்டை! அதில் அந்தப் பெயர்களைப் போட என்ன கேடு? வாசித்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று கேட்டால் சொல்லுவார்கள். பத்து வருஷம் கழித்து யாரிடம் கேட்பது? பேரன் பேத்தி கடையில் எடுத்துப் பார்த்து, "இது எங்க தாத்தா வாசிச்சது" என்று சொல்ல ஒரு வரி வேண்டாமா? கலர் வினைலுக்குச் செலவழிக்கிற காசில் இதைச் செய்யலாம்.

உறையும் அப்படித்தான். பளபள அட்டைக்குள் சொரசொரப்பான காகித உள்ளுறை. தட்டை உருவும்போதெல்லாம் கீறல். மேலே போடுகிற பி.வி.சி. உறை நம் வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் தட்டில் மங்கல் படியும். பாலிதீன் உள்ளுறை சில ரூபாய் சமாச்சாரம்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் வாங்குமுன் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்த டேப், யார் வெட்டியது, யார் யார் வாசித்தது? நூறு பேர் கேட்டால் நூற்றியோராவது அட்டையில் பதில் அச்சாகும்.

இப்போது வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய தட்டு இருந்தால் இறக்குங்கள். வெற்று வளையத்தில் உள்ள எழுத்துகளைப் படமெடுத்துக் கீழே கமெண்டில் போடுங்கள். அதில் வாசித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், பெயரையும் வாத்தியத்தையும் மறக்காமல் எழுதுங்கள். 180 கிராம் என்று எழுதுகிறவனுக்கு மட்டும் இம்போசிஷன் உண்டு!